பழகுதலும் பழக்குதலும்: பம்பாய்த் தெருக்குருளையின் அச்சத்துக்கு ஒரு வரலாறு

தாராவியின் 90 அடிச் சாலையில் தைப்பொங்கலன்று காலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றும் வழக்கம் உண்டு. அந்நாளில், அச்சாலையை ஒட்டிய சந்துகளில் பிறந்த நாய்க்குட்டிகள் பலவற்றுக்கு ஆறு முதல் பத்து வாரம் வயதிருக்கும். இது தற்செயல் அன்று. இந்தியத் தெருநாய்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்கின்றன; ஏறத்தாழ 63 நாள் சினைக்காலம் முடிந்து குளிர்காலத் தொடக்கத்தில் ஈனுகின்றன. ஆகவே புகையும் கரும்பும் குலவையுமாக அச்சாலை நிரம்பும் அந்தக் காலைப்பொழுது, அவ்வாண்டுக் குட்டிகளின் வாழ்வில் மிகவும் தீர்மானகரமான சில வாரங்களுக்குள் வந்து விழுகிறது. ஒரே தாயின் இரு குட்டிகளில் ஒன்று அடுப்பை நோக்கி வாலாட்டி வரும். மற்றொன்று கைவண்டிக்கு அடியில் ஒடுங்கி, யார் குனிந்தாலும் பின்னால் நகரும். இரண்டாவது குட்டியின் அச்சம் எங்கிருந்து வந்தது, அதை எவ்வாறு தணிக்க முடியும் என்னும் கேள்விக்கு விலங்கியல் தரும் விடை ஒன்று. நகர வரலாறு தரும் விடை மற்றொன்று. இரண்டையும் சேர்த்து வாசிக்கும் முயற்சி அரிதாகவே நடந்துள்ளது.

முதலில் சொற்கள். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் ‘குருளை’ என்பதைத் தருகிறது. நரிக்கும் அதுவே பொருந்தும் என்கிறது. மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அது மனிதர் அஞ்சும் பட்டியல். விலங்கு அஞ்சப்படும் பொருளே அன்றி அஞ்சும் உயிராக அங்கு இடம்பெறவில்லை. எனினும் விலங்கின் அச்சத்துக்குத் தமிழில் தனிச்சொல் இல்லாமற் போகவில்லை. மாடும் மானும் ‘வெருளும்’. ‘வெருள்’ தன்வினை, அதன் பிறவினை ‘வெருட்டு’. இன்றைய பேச்சுவழக்கின் ‘விரட்டு’ இதற்கு மிக நெருங்கிய சொல். ‘பழகு’ என்பதும் இதே போன்ற இணை உடையது: பழகு தன்வினை, பழக்கு பிறவினை. நாய் பழகும், மனிதர் நாயைப் பழக்குவர். அஞ்சிய குட்டியைத் தேற்றுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் ‘சமூகமயமாக்கம்’ என்று பெயர்த்தால் அது முழுக்கப் பிறவினையாகி விடுகிறது. யாரோ ஒருவர் குட்டியின்மீது செய்யும் செயலாகத் தோன்றுகிறது. குட்டியைப் பற்றிய ஆய்வுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் கண்டறிந்ததோ இதற்கு மாறானது. அச்சம் தணிவது குட்டி தானே பழகும்போதுதான். மனிதர் செய்யக்கூடியது அதற்கான இடமும் நேரமும் அமைத்துத் தருவது.

தெருநாயை வெருட்டும் கதை பம்பாயில் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், வெயிற்காலத்தின் குறிப்பிட்ட வாரங்களில் உரிமையாளரற்ற நாய்களைக் கொல்லும் ஆணை நடைமுறையில் இருந்தது. 1832இல் அக்கால எல்லை நீட்டிக்கப்பட்டது. கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு 8 அணா பரிசும் வழங்கப்பட்டது. தலைக்கு விலை வைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. தெருநாய் கிடைக்காதபோது வீட்டு நாய்களும் பிடிபட்டன. ஜூன் 6ஆம் நாள் கோட்டைப் பகுதியில் நாய் கொல்ல வந்த காவலர்களைப் பார்சிகள் எதிர்த்துத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக்களும் சமணரும் சேர்ந்துகொண்டனர். படைமுகாமுக்குச் செல்லும் உணவுப்பொருள்கள் தடைபட்டன. கலகச் சட்டம் வாசிக்கப்பட்டுப் படை இறக்கப்பட்டது; பலர் கைதாயினர். பின்னர் ஜம்செத்ஜி ஜீஜிபாய் முதலிய வணிகப் பெருமக்கள் மனு அளித்தனர். நாய்களைக் கொல்வதற்குப் பதில் நகருக்கு வெளியே அகற்றுவது என்னும் சமரசம் எட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஜம்செத்ஜியின் பெருங்கொடையால் பம்பாய்ப் பிஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகம் தோன்றியது.

பார்சிகளின் சினத்துக்குப் பின்னால் சமயக் காரணம் உண்டு. இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் படச்செய்யும் ‘சக்தீத்’ சடங்கு பலரும் அறிந்தது; கண்களுக்கு மேல் இரு புள்ளிகள் கொண்ட ‘நான்கு கண்’ நாய் அதற்கு உகந்தது. அதைவிட இங்கு முக்கியமானது வெந்திதாத் என்னும் நூல் விதிக்கும் மற்றொரு கடமை. ஒருவரது மனையெல்லைக்குள் நாய் ஈன்றால், குட்டிகள் தாமே ஓடியாடி இரைதேடும் வரை அவற்றைக் காப்பது அம்மனைக்கு உரியவரின் பொறுப்பு. குட்டிப்பருவத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்றும், அந்த இடைவெளியில் மனிதரின் கடமை மிகுதி என்றும் உணர்ந்த பழைய சட்டம் இது. பின்னாளில் ஆய்வுக்கூடம் வாரக்கணக்கில் அளந்து சொன்னதை அறநூல் தன் வழியில் கண்டிருந்தது எனலாம். ஆயினும் அவ்வொப்புமையை மிகைப்படுத்தத் தேவையில்லை. இன்று மாட்டுங்காவின் தமிழ்க் குடியிருப்புகளுக்கும் தாதர் பார்சி காலனிக்கும் நடுவே ஐந்து பூங்காக்கள் மட்டுமே உள்ளன.

இக்கதையில் தமிழுக்கு வேறொரு பங்கும் உண்டு, பெருமைக்குரியது அன்று. ஆங்கிலேயர் தெருநாயைக் குறிக்க வழங்கிய பெயர் ‘பரையா நாய்’. பறையர் என்னும் தமிழ்ச் சாதிப்பெயர் ஐரோப்பிய மொழிகளில் ‘விலக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பொருள் ஏற்று, அங்கிருந்து உரிமையாளரற்ற நாய்மீது ஏறியது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அச்சொற்றொடரைப் பதிவு செய்துள்ளது. விலங்கியல் நூல்களும் நாயின ஆர்வலர்களும் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அதை இனப்பெயராகவே ஆண்டனர். திருநெல்வேலியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து தாராவியை உருவாக்கியவர்களில் ஆதிதிராவிடர் கணிசமானோர். தம் முன்னோரின் பெயரைத் தம் தெருவின் நாய்க்கு ஆங்கிலம் சூட்டியிருந்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர் என்பது வேறு கேள்வி. ‘இண்டாக்’, ‘இண்டி’ என்னும் பெயர்கள் இன்று அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. 2023ஆம் ஆண்டு விதிகள் ‘சமூக விலங்கு’ என்கின்றன. பெயர் மாறுவது அற்பமான செய்தி அன்று. விலக்கப்பட்டது என்று பெயரிட்ட உயிரை விரட்டுவதற்குத் தனியாக நியாயம் தேடவேண்டியதில்லை.

1832இன் சமரசம் நீடிக்கவில்லை. நாயைப் பிடித்துக் கொல்வது காலனிய நகராட்சியின் வழக்கமான பணியாக மாறி, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. ஆண்டுக்குப் பல்லாயிரம் நாய்கள் கொல்லப்பட்ட பின்னும் நாய்களின் தொகை குறையவில்லை. காரணம் கடினமானது அன்று. நகரம் ஒருபுறம் நாயைக் கொன்றது; மறுபுறம் அதற்கு இரையிட்டது. தாராவியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய தோல் பதனிடும் தொட்டிகள் இருந்தன. அவற்றுக்குத் தோல் தந்த ஆட்டு மாட்டுக் கொல்களம் அருகே பாந்திராவில் இருந்தது. செம்பூருக்கு வந்த ரயில்பாதை 1906இல் போடப்பட்டபோது அதில் ஓடியது குப்பை வண்டி. பயணிகள் ஏறியது 1924இல்தான். தேவ்நார் குப்பைமேடு 1927 முதல் இயங்குகிறது. பாந்திராக் கொல்களம் 1971இல் தேவ்நாருக்கே இடம்பெயர்ந்தது. இரை உள்ள இடத்தில் நாய் இருக்கும். ஓர் எல்லையின் நாய்களைக் கொன்று காலியாக்கினால் பக்கத்து எல்லையின் நாய்கள் வந்து நிரப்பும்; எஞ்சியவை மேலும் குட்டி ஈனும்.

கொல்லும் ஆண்டுகள் குட்டிகளுக்கு என்ன கற்பித்தன என்பதற்கு நகராட்சிப் பதிவேடுகளில் பத்தி இல்லை. ஆனால் ஊகிப்பது எளிது. நாய்வண்டி வரும் தெருவில் மனிதக் கையை நம்பி அணுகிய நாய் முதலில் பிடிபடும். தொலைவிலேயே ஓடிய நாய் தப்பிக் குட்டி ஈனும். அக்குட்டி, தாய் உடல் விறைத்து ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடும். ஒவ்வொரு ஈற்றிலும் அச்சமே பரிசு பெற்றது.

குட்டியின் அச்சம் எப்போது உருவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வெகுதொலைவில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் நடந்தது. அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை நாள்தோறும் பதிவு செய்தனர். 1965இல் அது பெருநூலாக வெளிவந்தது. அதே ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் செய்து 1961இல் வெளியிட்ட சோதனை இங்கு சற்று விரிவாக நினைக்கத்தக்கது. உயர்ந்த வேலி சூழ்ந்த ஓர் ஏக்கர் திடல்களில் ஸ்பேனியல், பீகிள் இனக்குட்டிகளை மனித முகம் காணாதவாறு தாயோடு வளரவிட்டனர். பின்னர் சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், மற்றவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினர். ஐந்து குட்டிகள் பதினான்காம் வாரம் வரை ஒருமுறையும் தொடப்படவில்லை. இரண்டாம் வாரக் குட்டி பழக முடியாத அளவு இளையது. ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் ஒரே ஒரு வாரம் மனிதரைக் கண்ட குட்டி பின்னாளில் மனிதரோடு இயல்பாக இருந்தது. பதினான்கு வாரம் காத்திருந்தவையோ காட்டு விலங்கு போலவே நின்றன. பின்னர் காட்டிய அன்பு அவற்றில் மிகச் சிறிதே பலித்தது. ஏழு நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த ஏழு நாள் தக்க பருவத்தில் வந்தாக வேண்டும்.

அப்பருவத்தின் ஒழுங்கை இன்றைய அறிவு இவ்வாறு சொல்கிறது. குட்டியின் கண் இரண்டாம் வாரத்தில் திறக்கிறது. செவி மூன்றாம் வாரத்தில். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை, கண்ட பொருளை ‘இது என் உலகத்தைச் சேர்ந்தது’ என்று ஏற்கும் ஆர்வம் மேலோங்கி நிற்கிறது. ஐந்தாம் வாரம் தொட்டுப் புதியதைக் கண்டு அஞ்சும் உணர்வு மெல்ல எழுந்து வளர்கிறது. ஆர்வம் இறங்குமுகமாகவும் அச்சம் ஏறுமுகமாகவும் செல்லும் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைதான் பழகுபருவம். வெளிப்படையான கொடுமை எதுவும் நடக்காமலே ஒரு குட்டி அச்சமுடையதாக வளரலாம் என்பது இதன் விளைவு. அடிபட்ட குட்டி மட்டுமே அஞ்சும் என்பது பரவலான தவறான எண்ணம். குடையைக் காணாத குட்டி குடைக்கு அஞ்சும். அதற்கு யாரும் குடையால் அடித்திருக்க வேண்டியதில்லை.

பருவம் தவறிய குட்டிக்கு வழியே இல்லையா என்ற வினாவுக்கு விடை மனிதக் குழந்தையிடமிருந்து வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் விருப்பமாக உண்ணும் வேளையில் முயற்கூண்டு அறையின் கோடியில் வைக்கப்பட்டது. அவன் உண்பதை நிறுத்தாத அளவுக்கு மட்டும் அது நாளடைவில் அருகே கொண்டுவரப்பட்டது. இறுதியில் அவன் முயலைத் தடவினான். அதே 1924 செப்டம்பரில் லெனின்கிராடைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் நீர் ஏறி, உயிர்தப்பி மீட்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் கற்றிருந்த பழக்கங்கள் சில நாய்களிடம் அழிந்தே போயின. பின்னர் கதவிடுக்கில் சிறிது நீர் கசிந்தாலே நடுங்கும் நாயும் இருந்தது. அச்சம் சிறிது சிறிதாகக் கரையும், ஆனால் ஒரே பொழுதில் வெள்ளமாக வரும் என்னும் இரு உண்மைகளும் ஒரே ஆண்டில் பதிவானது வியப்பு. அஞ்சும் குட்டியைத் தேற்றும் முறைகள் அனைத்தும் இன்றுவரை இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன. பீட்டரின் முறையை ஜோசப் வோல்பி 1958இல் மருத்துவ முறையாக வகுத்தார். அஞ்சும் குட்டியை அங்காடி நடுவே கொண்டுபோய் நிறுத்தி ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பது வெள்ளத்தின் முறை. அசையாமல் நிற்கும் குட்டியைத் துணிவு பெற்ற குட்டி என்று தவறாகக் கொள்வதும் அதன் பகுதியே.

இம்முறைகள் நூலில் எளியவை. மும்பையில் இடம் சார்ந்து கடினமாகின்றன. முதல் விதி தொலைவு. குட்டி அஞ்சும் பொருளை, அது கவனிக்கும் ஆனால் கலங்காத தொலைவில் காட்டவேண்டும். குட்டி உணவை ஏற்கிறதா என்பதே அளவுகோல். பிடித்த இரையையும் மறுத்து, வாலை இடுக்கி, உதட்டை நக்கி, கண்வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்த்தால் தொலைவு போதவில்லை என்று பொருள். தாராவிச் சந்தில் இரு கை விரித்தால் இரு சுவரும் தொடும். அங்கே தொலைவு என்பதே கிடையாது. அங்கே தொலைவின் வேலையை நேரம்தான் செய்ய முடியும். குழாயடி வரிசை தொடங்கும் முன், தையல் எந்திரங்கள் ஓடத் தொடங்கும் முன், விடியற்காலையில் சந்து குட்டிக்குச் சொந்தமாக இருக்கும் சிறுபொழுதில் தொடங்கி, நாள்தோறும் சற்றுப் பிந்திச் செல்வது. வேறோர் உபாயம் உயரம். வாசற்படியிலோ மாடி ஏணியின் இரண்டாம் படியிலோ அமர்ந்து, கீழே நடக்கும் கால்களைப் பார்க்கும் குட்டி, கால்களுக்கு நடுவே நிற்கும் குட்டியைவிட வேகமாகத் தேறும்.

மாட்டுங்கா அடுக்ககங்களின் சிக்கல் நேர்மாறானது. அங்கே அச்சுறுத்துவது நெரிசல் அன்று, வெறுமை. 1978இல் நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தோன்றி ஈராண்டுக்குள் உலகெங்கும் பரவியது. குட்டிகளைக் கூட்டமாகக் கொன்றது. தடுப்பூசித் தொடர் முடியும் வரை, அதாவது ஏறத்தாழ நான்கு மாதம், குட்டியை வீட்டைவிட்டு இறக்கவேண்டாம் என்னும் அறிவுரை அதனால் எழுந்தது. நோயிலிருந்து குட்டி தப்பியது. பழகுபருவம் முழுவதும் நான்கு சுவருக்குள் கழிந்தது. தூக்கியைக் கண்டால் படுத்துக்கொள்ளும், காவலாளியின் காக்கிச் சட்டைக்கு நடுங்கும் நாய்கள் அவ்வாறு உருவாயின. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாடு இக்கணக்கை மாற்றியது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறே பெரிய காரணம் என்று சுட்டி, தடுப்பூசி முழுமையடையும் முன்பே பழகுதல் தொடங்கவேண்டும் என்றது அச்சங்கம். நடைமுறையில் இதன் பொருள் எளியது. முதல் ஊசி போட்ட குட்டியைத் தரையில் விடாமல் தோளில் சுமந்து, பூங்கா ஓரத்தில் கால்மணி நேரம் நிற்பது. பூக்கடையும், பள்ளிவிடும் நேரமும், குடை பிடித்தவரும், ஊன்றுகோல் ஊன்றியவரும், தலைக்கவசம் அணிந்தவரும் அதன் கண்ணில் படச்செய்வது. தடுப்பூசி பெற்ற, நிதானமான மூத்த நாய் ஒன்றை வீட்டுக்கு விருந்தாக வரவழைப்பது. அஞ்சும் குட்டிக்கு மனிதரைவிட நல்ல ஆசான் அஞ்சாத நாய்.

தொடுதல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அஞ்சும் குட்டியை அணைத்தால் அச்சம் ஊக்கம் பெறும் என்று பழைய பயிற்சிநூல்கள் எச்சரித்தன. அக்கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. குட்டி தானே நாடி வந்தால் ஆறுதல் தருவதில் தவறில்லை. தேடிப்போய்த் தூக்குவதுதான் பிழை. பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, நேராக நோக்காமல், இரையைத் தன் பக்கம் அன்றிக் குட்டியின் பின்புறமாக எறிந்தால், அதற்கு விலகிச் செல்லவும் மீண்டும் வரவும் உரிமை கிடைக்கிறது. வருகை அதன் தன்வினையாகிறது.

இந்தியத் தெருநாயைப் பற்றிய நேரடிச் சான்றுகள் அண்மையில்தான் கிடைக்கத் தொடங்கின. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை அவற்றின் தெருவிலேயே ஆராய்கிறது. 2016இல் வெளியான ஆய்வில் 364 குட்டிகள் கண்காணிக்கப்பட்டன. ஏழாம் மாதத்தை எட்டியவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மனிதருக்குப் பங்கு இருந்தது. எனவே குட்டியின் அச்சத்தைக் கோளாறு என்று மட்டும் கொள்ளல் ஆகாது. அது பல வேளைகளில் சரியான கணக்கு. 2017இல் அக்குழுவின் மற்றோர் ஆய்வு, அறியாத மனிதரிடம் தெருநாய்க்கு நம்பிக்கை வளர்வதில் உணவைவிட மீண்டும் மீண்டும் தரும் தடவல் வலிமையானது என்று காட்டியது. 2020இல் 160 நாய்களைக்கொண்டு விரல்சுட்டலைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதி நாய்கள் அச்சத்தால் அருகே வரவேயில்லை. வந்தவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு சுட்டிய திசையைச் சரியாகப் பின்பற்றின. எவரும் பயிற்றுவிக்காத தெருநாய்கள் அவை. மனிதக் குறிப்பை அறியும் ஆற்றல் இருந்தும் அச்சம் குறுக்கே நின்றது.

இங்குதான் இது வீட்டுப் பிராணிகளின் சிக்கல் என்னும் எல்லையைத் தாண்டுகிறது. 1994இல் மும்பை மாநகராட்சி கொலையை நிறுத்தி, கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறைக்கு மாறியது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா 1960களிலிருந்து வற்புறுத்திய வழி அது. சென்னை மாநகராட்சி 1996இல் ஏற்றது. 2001இல் அது நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2014இல் மும்பையில் எண்ணப்பட்ட தெருநாய்கள் ஏறத்தாழ 95,000. வெறிநோயைத் தடுக்க, ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கேனும் தடுப்பூசி போடப்படவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கருத்தடை ஒருமுறை, தடுப்பூசி ஆண்டுதோறும். ஒருமுறை வலையில் சிக்கிய நாய் அடுத்த ஆண்டு வலையைக் கண்டதும் மறைந்துவிடுகிறது. மறுபுறம், குட்டியாக இருந்தபோதே மனிதக் கைக்குப் பழகிய நாயைத் தெருவில் உணவிடும் பெண்மணி மடியில் பிடித்துக்கொள்ள, தொண்டர் ஊசி போட்டுவிட்டுப் போகிறார். அரை நிமிட வேலை. பழகுபருவத்தில் தவறவிட்ட ஒவ்வொரு குட்டியும் பத்தாண்டுக்கு வலை தேவைப்படும் நாயாகிறது. கடிக்கும் நாய்களிலும் கணிசமானவை அஞ்சும் நாய்களே. ஓட வழியில்லாத சந்தில் அஞ்சும் நாய்க்கு எஞ்சியிருப்பது பல் ஒன்றுதான். கடிபடுவது பெரும்பாலும் அதே சந்தில் விளையாடும் குழந்தை. கடிக்கு அஞ்சும் தாயின் அச்சமும் நாயின் அச்சத்தைப் போலவே உண்மையானது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பேசும் தரப்புகளே இன்று ஓங்கி ஒலிக்கின்றன.

நாள்காட்டி இதில் இன்னொரு சிக்கலை வைத்திருக்கிறது. மார்கழியில் கண் திறந்து பொங்கலைக் கண்ட குட்டி, மனிதக் கூட்டத்தைப் பழகுபருவத்திலேயே காண்கிறது. ஆனால் விநாயகர் சதுர்த்தியின் தோலும் தாசாவும் தீபாவளியின் வெடியும் அதற்கு எட்டு மாதம் கழிந்த பிறகே வருகின்றன. அதற்குள் பழகுபருவம் முடிந்துவிட்டது. செம்பூர் சேடா நகரில் குட்டியைத் தத்தெடுத்த குடும்பங்கள் ஆகஸ்டு மாதத்தில்தான் அதன் நடுக்கத்தை முதன்முதலாகக் காண்பதற்கு இதுவே காரணம். பதிவு செய்த மேள ஒலியைத் தை, மாசி மாதங்களிலேயே, குட்டி உண்ணும் வேளையில், காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் தொடங்கி வாரந்தோறும் சிறிது உயர்த்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். பீட்டரின் முயற்கூண்டேதான் இது, ஒலி வடிவில். ஆகஸ்டில் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்த பிறகு தொடங்கினால் ஆண்டுகள் ஆகும்.

2025 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடும்படி அது திருத்தப்பட்டது. நவம்பர் 7ஆம் நாள் ஆணை பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களின் நாய்களை அகற்றவும், அவற்றை அங்கே திரும்ப விடாதிருக்கவும் பணித்தது. ‘மூர்க்கம்’ என்பதற்கும் ‘அச்சம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க வருபவர் எவ்வாறு அறிவார் என்பது விடை தேவைப்படும் கேள்வி. ஆணைகளின் வினைச்சொற்கள் எல்லாம் பிறவினைகள்: பிடித்தல், அகற்றுதல், அடைத்தல். மாட்டுங்கா ரயில் நிலைய நடைமேடையில் தேநீர்க் கடைக்காரரின் கால்களுக்கு நடுவே வளர்ந்த நாயே அந்நிலையத்தில் கைக்கு எளிதில் பிடிபடும் நாய். ஆகவே முதலில் போவதும் அதுவாக இருக்கும். தொலைவில் நின்று பார்க்கும் நாய், நடைமேடையின் கோடியில், எஞ்சியிருந்து அடுத்த குளிர்காலத்தில் ஈனும்.